மூக்குக்குத் தெரியாத விஷம்

மக்காச்சோளத்தைப் பச்சையாக நறுக்கிக் குழியில் போட்டு, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல் தயாரிக்கிறோம். கோடையில் கறவை மாட்டுக்குக் கைகொடுக்கும் தீவனம் இது. ஆனால் குழி நிரப்பிய சில மணி நேரத்திலேயே நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்ற விஷவாயு அதில் கிளம்பலாம். வறட்சியில் வாடிய பயிரின் தண்டில் தேங்கியிருக்கும் நைட்ரேட்தான் இதற்குக் காரணம்.

"சார், பெரிசா நெடி ஒண்ணும் இல்லையே, அதுல என்ன ஆபத்து?" என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் கண்ணும் தொண்டையும் உடனே எரியும், நாம் ஓடிவிடுவோம். இந்த வாயு அவ்வளவு எளிதில் கரையாது. லேசான கரகரப்போடு நுரையீரலின் அடிவரை போய்விடும். சாயங்காலம் நன்றாக வீடு திரும்பியவருக்கு இரவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். உயிரே போகலாம். தீவனக் கோபுரம் நிரப்பும் தொழிலாளர்களுக்கு வந்த இந்த நோயை 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள்.

இதை மனிதர் மேல் சோதித்துப் பார்க்க முடியுமா? கூடாது. ஆகவே மனித நுரையீரல் செல்களைத் தனியே வளர்த்துச் சோதிக்கிறார்கள். 1972இல் ஒரு நோயாளியின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த 'ஏ-549' என்ற செல் வகை இன்றும் ஆய்வுக்கூடங்களில் பெருகி வருகிறது.

விதை நெல்லை ஈரச் சாக்கில் முளைகட்டுவதை நினைத்துப் பாருங்கள். கீழே ஈரம், மேலே காற்று. அதேபோல நுண்துளைச் சவ்வின் மேல் செல்களைப் பரப்புவார்கள். அடியில் ஊட்டத் திரவம் இருக்கும். மேலே அளந்த வாயுவை விடுவார்கள். இன்னொரு சவ்வுக்குச் சுத்தமான காற்று மட்டும். நாம் உரம் போடாத பாத்தி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க விடுவதில்லையா, அப்படித்தான்.

பிறகு ஒரு மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக்கும். செத்த செல் மாற்றாது. ஊதா எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சேதம். ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்கு இருமத் தெரியாது, ரத்த ஓட்டமும் கிடையாது. அதனால் இது முதல் சல்லடைதான். இந்தக் கணக்கை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? குழி நிரப்பிய முதல் மூன்று வாரம் உள்ளே இறங்காதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். செம்பழுப்புப் புகையோ, பிளீச்சிங் பவுடர் நெடியோ தெரிந்தால் பிள்ளைகளையும் மாடு கன்றுகளையும் தூரமாக அப்புறப்படுத்துங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். வாயுவைச் சுவாசித்தவர் "எனக்கு ஒண்ணுமில்லே" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், குழி வாயு பட்டது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.