ஒரே நாளில் மறைந்த ஊர்!

வீட்டில் நகல் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்

அமெரிக்காவில் ஓர் அதிசய ஊர் இருந்தது. அங்கே தெரு உண்டு, மண் கிடையாது. வீடு உண்டு, செங்கல் கிடையாது. குடியேற வாடகையும் கிடையாது!

அது இணையத்தில் இருந்த ஊர். பெயர், ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ஆகிய இருவரும் 1994-ம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள். சினிமாப் பிரியர்களுக்கு "ஹாலிவுட்" என்று ஒரு பேட்டை. குடும்பத்தினருக்கு "ஹார்ட்லேண்ட்" என்று ஒரு பேட்டை. யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துக் கொள்ளலாம்.

வீடே அச்சகம்

பத்திரிகை நடத்த அச்சு எந்திரம் வேண்டும், காகிதம் வேண்டும். இங்கே அவை வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று போதும். அதில் பக்கத்தை எழுதி, படத்தைச் சேர்த்து, டெலிபோன் கம்பி வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பினார்கள். உடனே உலகமே படித்தது!

கம்பெனியின் கம்ப்யூட்டர் எதற்கு? வீட்டுக் கம்ப்யூட்டரை இரவில் அணைத்து விடுவோம். அணைத்தால் தளமும் மறைந்து விடும். அதனால், இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர் தேவை.

உலகின் முதல் இணையதளத்தை 1990-ம் ஆண்டில் உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் வேலை பார்த்தார். தளம் இருந்த கம்ப்யூட்டர் மீது அவர் ஒரு காகிதம் ஒட்டினார். "இதை அணைக்கக் கூடாது" என்று அதில் சிவப்பு மையால் எழுதி இருந்தது!

ஊர் மூடப்பட்டது

1999-ம் ஆண்டில் "யாகூ" கம்பெனி ஜியோசிட்டீசை விலைக்கு வாங்கியது. விலை 350 கோடி டாலருக்கு மேல்! ஆனால், 2009-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி அமெரிக்காவில் அதை மூடி விட்டது.

குடும்பப் படங்கள், சமையல் குறிப்புகள், இறந்தவர்களுக்கு எழுதிய அஞ்சலிகள் எல்லாம் அங்கே இருந்தன. ஜேசன் ஸ்காட் என்பவரும் அவருடைய தோழர்களும் இரவு பகலாக நகல் எடுத்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் உள்ள "இன்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற காப்பகமும் நகல் எடுத்தது. ஏராளமான பக்கங்கள் பிழைத்தன. ஆனால், எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை.

தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நகல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கவலை இல்லை. அதே பக்கங்களை வேறு இடத்தில் ஏற்றிக் கொள்ள முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

நீங்களும் தளம் வைக்கப் போகிறீர்களா? மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்:

1. மூலப் பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். கம்பெனிக்குப் போவது நகலாக இருக்கட்டும்.

2. இன்னொரு பிரதியைத் தனி டிஸ்க்கில் பதிந்து, உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் கெட்டாலும் பயம் இல்லை.

3. தளத்தின் பெயரை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்தால், கம்பெனியை மாற்றினாலும் விலாசம் மாறாது. ஆண்டுக் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டுங்கள். தவறினால் அந்தப் பெயர் வேறு ஒருவர் கைக்குப் போய்விடலாம்.

ஏற்கனவே தளம் வைத்திருக்கிறீர்களா? அதன் நகல் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், இன்றே எடுத்து வையுங்கள்!