பொன்மீனுக்கு எத்துணை நீர் வேண்டும்?

எனது எழுத்து மேசையின்மீது முன்னர் உருண்டையான கண்ணாடிக் குடுவை ஒன்று இருந்தது. அதனுள் இரண்டு சிறு பொன்மீன்கள் நீந்தின. எழுதிக் களைத்த வேளைகளில் அவற்றை நோக்கியிருத்தல் எனக்குப் பேரின்பமாயிருந்தது. அக்குடுவையை நான் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் அதன் அழகும், மேசையில் எஞ்சியிருந்த இடமுமேயாம். மீனுக்கு வேண்டுவது யாது என்று நான் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. ஐந்தாவது கிழமையில், ஒருநாள் விடியற்காலை, மீனொன்று நீர்மட்டத்தில் நின்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாயிருந்தது. பசிபோலும் என்றெண்ணி மேலும் இரை தூவினேன். அன்று மாலையே அது மாண்டது; சில நாளில் மற்றதும் மாண்டது.

அவை மாண்ட காரணத்தை நூல்களை நாடிப் பின்னரே கற்றேன். நான் செய்த பிழையைப் பிறரும் செய்யாதிருத்தற்பொருட்டு அதனை இங்கு எழுதுகின்றேன்.

மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள்வழியே நீரில் விடுகின்றது. தின்னாது எஞ்சிய இரையும் அழுகி அந்த நஞ்சையே விளைவிக்கும். பற்றீரியாக்கள் சில அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். ஆனால் புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருகுதற்குச் சில கிழமைகள் செல்லும். அதுவரை மீனைக் காப்பது நீரின் பெருக்கமே. 6 லீற்றர் நீரிற் சேரும் நஞ்சு 75 லீற்றர் நீரிற் சேருமாயின், அதன் செறிவு பன்னிரண்டில் ஒரு பங்கிலும் குறைந்துவிடும். பசியென்று நான் தூவிய இரை, நஞ்சின்மேல் நஞ்சாயிற்று.

இனி, காற்றைக் குறித்து நோக்குவோம். நீர் ஒட்சிசனைப் பெறுவது பெரும்பாலும் அதன் மேற்பரப்பின் வழியாகவே. 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டைக் குடுவையில் பாதிவரை நீர் விட்டால் மேற்பரப்பு ஏறக்குறைய 490 சதுர சென்ரிமீற்றர் ஆகும். 15 சென்ரிமீற்றர் அகலமுள்ள கழுத்துவரை நிரப்பினாலோ அது 177 ஆகச் சுருங்கிவிடும். நீரைக் கூட்டக் கூட்டக் காற்றுப் புகும் வாயில் குறுகுகின்றது! 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமுமுடைய நீள்சதுரத் தொட்டியின் மேற்பரப்போ 1800 சதுர சென்ரிமீற்றர். கணித ஆசிரியர்கள் இதனை மாணாக்கருக்குப் பயிற்சியாகவே கொடுக்கலாம்.

வெப்பமும் இங்கே கருதத்தக்கது. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே தாங்கும். பொன்மீனோ குளிர்ந்த நீரை விரும்புவது. நீர் வெப்பமடைய அதற்கு வேண்டும் ஒட்சிசன் கூடுமேயன்றிக் குறையாது. ஆதலின், குளிர்நாட்டு நூல்கள் கூறும் அளவை யாழ்ப்பாணத்துக் கோடையில் வாழும் நாம் போதுமென்று கொள்ளலாகாது; அதனிலும் சற்று மிகுதியாகவே கொள்ளல் வேண்டும்.

சீனர் பொன்மீனைச் சிறு கலங்களில் வளர்த்தனரன்றோ என்று சிலர் வினவுவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சொங் வமிசத்தார் காலத்தில், அது குளத்து மீனாகவே பேணப்பட்டது. பின்னர், மிங் வமிசத்தார் காலத்தில் அதனைக் கலங்களில் இட்டு மேலிருந்து நோக்கி மகிழ்ந்தனர். ஆயின் அவை வாயகன்ற சாடிகள். கழுத்துக் குறுகிய கண்ணாடி உருண்டைகள் அல்ல. இத்தாலியிலுள்ள மொன்சா நகரம் 2004ஆம் ஆண்டில் இத்தகைய உருண்டைக் குடுவைகளில் பொன்மீன் வளர்ப்பதையே தடைசெய்தது.

"சிறிய தொட்டியில் விட்டால் மீன் சிறிதாகவே இருக்கும்" என்பதும் நம்மிடையே வழங்கும் ஒரு கூற்று. அது வளர்ச்சியன்று, வளர்ச்சித் தடை. நோயும் குறுகிய ஆயுளும் அதனோடு வரும். கடையில் நாம் காணும் விரலளவு மீன் சிறிய மீன் அன்று, இளைய மீன். ஒற்றை வாலுடைய சாதாரணப் பொன்மீன் 20 முதல் 30 சென்ரிமீற்றர்வரை வளரும். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்னும் பொன்மீன், 1999ஆம் ஆண்டு 43 வயதில் இறந்தது. ஐந்து கிழமைகளில் நான் முடித்துவைத்த வாழ்வு எத்துணை நீண்டதாயிருந்திருக்கலாம் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

எனவே, தொட்டியின் அளவை வளர்ந்த மீனைக்கொண்டே தீர்மானித்தல் வேண்டும். இரட்டை வாலுடைய உருண்டை உடல் வகையாயின், முதல் மீனுக்கு 75 லீற்றரும், பின்னர் ஒவ்வொன்றுக்கும் 40 லீற்றரும் வேண்டுமென்பது மீன் வளர்ப்போர் பலர் கொள்ளும் குறைந்த அளவு. நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 1000ஆல் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். 90, 45, 45 என்னும் அளவுடைய தொட்டி 182 லீற்றர் கொள்ளும். அதில் மூன்று மீன்களை வளர்க்கலாம். அதன் நீர் மாத்திரமே 182 கிலோகிராம் நிறைகொள்ளும். ஆதலால் எழுத்து மேசை அதனைத் தாங்காது. ஒற்றை வால் மீனுக்கு நிழலிலமைந்த சீமெந்துத் தொட்டியோ குளமோதான் தகும். எத்தொட்டியாயினும் வடிகட்டியும், கிழமைதோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றுதலும், குழாய் நீராயின் குளோரீனை அகற்றுதலும் இன்றியமையாதன.

இன்று எனது கிணற்றடியில், மாமர நிழலில், 600 லீற்றர் கொள்ளும் சீமெந்துத் தொட்டி ஒன்றுண்டு. அதில் நான்கு மீன்கள் வாழ்கின்றன. எழுதும்பொழுது அவற்றைக் காண முடிவதில்லை. காணவேண்டுமாயின் நான்தான் எழுந்து செல்லவேண்டும். அவ்வாறு செல்வதே முறையென்று இப்பொழுது எனக்குத் தோன்றுகின்றது. அத்துணை இடம் இல்லாதவர் மீன் வாங்காதிருப்பாராக. அதுவும் மீனுக்குச் செய்யும் ஒரு நன்மையேயாகும்.