கேஸ் டிடெக்டருக்கும் எக்ஸெல்லுக்கும் என்ன சம்பந்தம்?

எக்ஸெல்லில் வீட்டுக் கணக்கு எழுதப் பழகிவிட்டீர்கள். அதே எக்ஸெல் ஓர் உயிரைக் காக்கவும் உதவும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஒரு மின் நிறுவனத்தில் கேஸ் டிடெக்டர்களைப் பராமரிப்பது என் வேலை. அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

நகரங்களில் மின் கேபிள்கள் தரைக்கடியில் ஓடுகின்றன. பழுது பார்க்க மேன்ஹோலுக்குள் இறங்க வேண்டும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், உள்ளே 19.5க்குக் கீழே போனால் ஆபத்து. மீத்தேன் 5 சதவீதம் சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும். அதனால் இறங்கும் முன் காற்றைச் சோதிக்க வேண்டும்; சோதிக்கும் கருவி காலிபரேஷன் செய்யப்பட்டு, ±10 சதவீதத் துல்லியத்துடன் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஓஷா விதி 1910.269.

காலிபரேஷன் என்றால் என்ன? அளவு தெரிந்த வாயுவைக் கருவிக்குக் கொடுத்து, அது சரியான எண்ணைக் காட்டும்படி திருத்துவது. சென்சார்கள் நாளடைவில் மந்தமாகும். சிலிகோன் ஸ்பிரே பட்டால் மீத்தேன் சென்சார் செயலிழந்தே போகலாம். அப்போதும் திரையில் 0 என்றுதான் தெரியும்!

கருவியை வெளியூர் சர்வீசுக்கு அனுப்பினால் திரும்பி வரும்வரை வேலை தேங்கும். "இன்று ஒருநாள் சோதிக்காமல் இறங்கிவிடலாமே" என்று தோன்றும். அந்த எண்ணமே வராமல் தடுக்க நான்கு வழிகள்:

1. டாக்கிங் ஸ்டேஷன் வாங்குங்கள். மாலையில் கருவியை அதில் செருகினால், அதுவே வாயுவைச் செலுத்தித் திருத்தி, முடிவைக் கம்ப்யூட்டரில் பதிந்துவிடும்.

2. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் சிறிது வாயுவைக் காட்டி, அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். இதற்குச் சில நொடிகளே ஆகும். தேறாத கருவிக்கு உடனே முழு காலிபரேஷன்.

3. எக்ஸெல்லில் ஒரு பத்தியில் கடைசியாகக் காலிபரேஷன் செய்த தேதி. அடுத்த பத்தியில் அதோடு கையேடு சொல்லும் நாட்களை, உதாரணமாக 30ஐ, கூட்டுங்கள். அடுத்த தேதி தானே வரும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் மூலம் நெருங்கும் தேதிகளைச் சிவப்பாக்குங்கள். எல்லாக் கருவிகளும் ஒரே நாளில் வராமல் பிரித்து வையுங்கள்.

4. உதிரி சென்சார்கள், காலிபரேஷன் வாயு சிலிண்டர்கள் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும் அதே ஷீட்டில் சேருங்கள். காலாவதியான வாயுவால் செய்த காலிபரேஷனை நம்ப முடியாது.

மேன்ஹோல் உங்களுக்கு வேண்டாம். வண்டி இன்சூரன்ஸ், தண்ணீர் ஃபில்டர் தேதிகளுக்கு இதே ஷீட்டை இன்றே போட்டுப் பாருங்களேன்!