பிழைகளும் அவை பிறக்கும் இடங்களும்

தமிழ் எழுத்தில் நேரும் வழுக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. செவியின் வழியே புகுவன சில. கண்ணின் வழியே புகுவன சில. ஓர் அலுவலக மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தாள் செல்லும்போது புகுவன வேறு சில. பள்ளிக்கூடங்களிற் சிவப்பு மை பெரும்பாலும் முதல் வகையின்மீதே செலவாகின்றது. மனிதருக்கு மிகுந்த இடர் விளைப்பதோ மூன்றாம் வகை. அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், களனி கங்கையின் கரையில் உள்ளது கித்துல்கல. 1957இல் வெளிவந்த, குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பட்ட இடம் என்றே வெளியுலகம் அவ்வூரை அறியும். அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நோக்கினால், இம்மூவகைப் பிழைகளும் சில கல் தொலைவுக்குள்ளேயே காணக் கிடைக்கும்.

முதலிற் செவிப்பிழை. லகர, ளகர, ழகரங்கள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வேறு வேறாக வகுத்துக் கூறினார். இன்றைய பேச்சிலோ பெரும்பாலோர் நாவில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கின்றது. லயத்துப் பிள்ளை 'வாளைப்பளம்' என்று எழுதினால், அது தாய் சொல்லக் கேட்டபடியே எழுதிற்று என்பதே உண்மை. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் இவ்விடத்திற் சிறந்த செவியுடையதன்று. அங்கும் பழம் 'பளம்' என்றே உண்ணப்படுகின்றது. ரகர றகரங்களும் அவ்வாறே. 'நினைவுகூர்ந்தார்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'நினைவு கூறினார்' என்று எழுதுவோர் படித்தவருள்ளும் பலர். கூர்தல் மிகுதல், கூறுதல் சொல்லுதல். ஓரெழுத்து மாறவே, உள்ளத்தில் நிகழ்வது வாயில் நிகழ்வதாய்விடுகின்றது.

'சுவற்றில் எழுதாதே' என்பது மதில்கள்தோறும் காணப்படும் வாசகம். சுவர் என்பது ரகர மெய்யீறு. ஆதலின் சுவரில் என்பதே முறை. கிணறு, வயிறு, ஆறு என்பன கிணற்றில், வயிற்றில், ஆற்றில் எனத் திரிவதைக் கண்ட மாணவன், அவ்விதியை உரிமையில்லாத சொல்லுக்கும் நீட்டிவிடுகின்றான். பிழைதான்; ஆயினும் விதியை உணர்ந்த அறிவிலிருந்து பிறந்த பிழை. சுவறுதல் என்றால் வற்றுதல் என்று எடுத்துக்காட்டினால் அவன் சிரித்துக்கொண்டே திருந்துவான். 'பதட்டம்' அத்துணை மன்னிக்கத்தக்கதன்று. பதறு என்னும் வினையை ஒரு கணம் எண்ணினாலே பதற்றம் என்பது தானே வரும். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பதோ எண்ணாமையின் எல்லை. ஒவ்வொரு என்று ஒருமையிற் பிரித்தபின் பன்மை எவ்வாறு ஒட்டும்? 'முயற்சிக்கிறான்' என்பதும் வேண்டாத சுமையே. முயல்கிறான் என்னும் நல்ல வினை இருக்க, முயற்சி என்னும் பெயரிலிருந்து மீண்டும் ஒரு வினையை ஆக்குவானேன்?

வல்லினம் மிகுதலைச் சிறு பிழை என்று தள்ளுவோர், தந்த பலகையும் தந்தப் பலகையும் ஒன்றாகுமா என்று எண்ணிப் பார்ப்பாராக. முன்னது ஒருவர் கொடுத்தது, பின்னது யானைக்கொம்பாலாயது.

இலக்கணத்தைக் காத்தே இடறுவதும் உண்டு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிற் பால் வெட்டும் மரத்தின் பெயரை எவ்வாறு எழுதுவது? ரகரமும் றகரமும் தமிழில் மொழிமுதல் வாரா. ஆதலின் பாடநூல் எழுதியோர் முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்து 'இறப்பர்' என்றனர். விதி காக்கப்பட்டது. ஆனால் இறப்பர் என்பது 'மாண்டுபோவர்' என்னும் பொருளுடைய வினைமுற்றுமாகும். இடையின ரகரம் இட்டு 'இரப்பர்' என்றாலோ 'பிச்சையெடுப்பர்' என்றாகும். விடியற்காலையிற் பால்வெட்டுக் கத்தியுடன் மரத்தடிக்குப் போகின்றவன் தன் தொழிலின் பெயரை மகனின் புத்தகத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பானாயின், அவனுக்கு இவ்விரண்டுள் ஒன்றே கிடைக்கும். விதியை மீறிய 'றப்பர்' இவ்விடத்தில் மானமுடையது.

ஊர்ப் பெயரும் இத்தகைய சிக்கலுடையதே. கித்துள் மரத்தின் பெயரும், கல் எனப் பொருள்படும் 'கல' என்னும் சிங்களச் சொல்லும் சேர்ந்தது அப்பெயர். தமிழில் அது கித்துல்கல, கித்துள்கல, கிதுல்கல எனப் பலவாறு எழுதப்படுகின்றது. நன்னூல் வழிப் புணர்ப்போமென்று ஒரு பண்டிதர் புறப்படின், பால் முன் குடம் வந்து பாற்குடமானாற்போலக் 'கித்துற்கலை' என்பார். ளகர ஈறாகக் கொண்டால் அதுவும் 'கித்துட்கலை' ஆகிவிடும். அவ்வூருக்குப் பேருந்து ஏறுவோர் இவற்றுள் எதனையும் அறியமாட்டார். கேகாலை, அவிசாவளை, எட்டியாந்தோட்டை என்பன நெடுநாள் நாவிற் புழங்கித் தமிழுருப் பெற்றுவிட்டன. கித்துல்கலவுக்கு அப்பேறு இன்னும் முற்ற வாய்க்கவில்லை. ஓர் ஊருக்கு ஒரு வடிவத்தை நிறுவி எங்கும் அதனையே எழுதுதல் அறிஞர் குழு கூடித் தீர்க்கவேண்டிய பெருங்காரியமன்று. பலகைக்குப் பலகை மாறாதிருந்தாற் போதும்.

பலகைகளோடு கண்ணின் பிழை வருகின்றது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1958இல் தமிழின் உபயோகத்துக்கெனச் சிறப்பேற்பாட்டுச் சட்டமொன்று வந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைந்தது. எனவே பலகையிற் தமிழுக்கு இடம் கிடைத்தது. எழுதும் கைக்குத் தமிழ் கிடைத்ததா என்பதே கேள்வி. தமிழ் அறியாத ஓவியன் எழுத்தை வாசிப்பதில்லை. கோட்டைப் பார்த்துக் கோடு வரைகின்றான். 'தா' என்பதற்கும் 'நா' என்பதற்கும் அவன் கண்ணில் வேற்றுமை ஒரு சிறு வளைவே. பேருந்தொன்றிற் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கையின்மேல் 'நாய்மார்' என்று எழுதப்பட்டிருந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. வரைந்தவன் ஒருவரையும் பழிக்க நினைத்தானல்லன். அச்சுக்குமுன் தமிழறிந்த ஒருவரிடம் காட்டவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதே அப்பிழையின் கசப்பு. பிள்ளையின் பயிற்சிக் கொப்பியில் அரை மதிப்பெண் குறைக்கும் சமூகம், இதனைக் கண்டு நகைத்துவிட்டு இறங்கிப்போகின்றது.

மூன்றாம் வகைக்கு நகைப்பும் இல்லை. அழகம்மா என்னும் பெயரை எடுத்துக்கொள்க. தோட்டத்துச் செக்ரோலில் அது ஆங்கிலத்தில் ஏறும். ஆங்கிலத்தில் ழகரம் இல்லை. பதிவாளர் சிங்களத்தில் எழுதுவார். சிங்கள நெடுங்கணக்கிலும் ழகரம் இல்லை, ளகரம் இருந்தும் பேச்சில் லகரத்தினின்று வேறுபடாது. பின்னர் ஒருநாள் அப்பெயரைத் தமிழிற் திருப்பும்போது ஒரு தாளில் 'அலகம்மா' என்றும் வேறொரு தாளில் 'அளகம்மா' என்றும் வரும். அலகு பறவையின் மூக்கு, அளகம் கூந்தல். அழகு மட்டும் எத்தாளிலும் இல்லை. ஐம்பது வயதில் அவள் ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும்போது, அடையாள அட்டையின் பெயரும் செக்ரோலின் பெயரும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பெயரும் ஒருவருடையவே என்று மெய்ப்பிக்க வேண்டியவளாகின்றாள். சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்து, பிரதேச செயலகத்துக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் நடந்து, ஒவ்வொரு நடைக்கும் ஒருநாட் சம்பளத்தை இழப்பாள்.

இம்மக்களுக்குத் தாள் என்பது எக்காலத்தும் இலேசான பொருளாயிருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் புறத்தே நிறுத்தியபின், 1949இன் சட்டப்படி விண்ணப்பித்தோர், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. நாடற்றோராய் எஞ்சியவருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. அவ்வாறு தாளை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் ஓரெழுத்துப் பிறழ்வை 'எழுத்துப்பிழை' என்று அழைப்பது பொருந்துமோ?

முதலாம் வகுப்பிற் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் இவ்வினா தமிழாசிரியர் மேசைக்கே வந்துவிடுகின்றது. தாய் 'அழகம்மா' என்கின்றாள். பத்திரம் வேறாகக் கூறுகின்றது. ஆசிரியர் இடாப்பில் ழகரத்தை இட்டால் இலக்கணம் நிற்கும். பதினொரு ஆண்டின்பின் பரீட்சைச் சான்றிதழும் பத்திரமும் முரண்பட்டு, பிள்ளை வாசல் வாசலாக அலையும். பத்திரத்தின்படி எழுதினாற் பிழை நிலைக்கும். பெற்றோரைப் பதிவாளரிடம் அனுப்பித் திருத்தி வரச்சொல்வதே நேர்வழி. சிலர் அனுப்புகின்றனர், சிலர் திரும்பி வருகின்றனர். வராதபோது, ளகர ழகர வேற்றுமையைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதிக் காட்டும் அக்கையே இடாப்பில் 'அலகம்மா' என்று பதிகின்றது. பயிற்சிக் கொப்பியின் அட்டையில் அப்பிள்ளை தன் பெயரைச் சரியாகவே எழுதிவைத்திருக்கும்.