கிளியனூர் சாலையில் ஒரு மஞ்சள் விளக்கு

திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து வரும் டிப்பர் லாரிகள் சிந்திய கல்தூளும், வானூர் வட்டத்துக் கிராமச் சாலைகளிலிருந்து சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு வந்த செம்மண்ணும், ஐப்பசி மாதத்து முதல் மழையில் குழைந்து, திண்டிவனம் புதுச்சேரி நெடுஞ்சாலையின் தார்மீது மெல்லிய சேற்றுப் படலமாகப் பரவிக் கிடக்கையில், எதிர்பாராமல் ஒரு கன்றோ பள்ளிக்கூடத்துச் சைக்கிளோ குறுக்கிட, காரோட்டி தம்மையறியாமல் பிரேக்கை முழுப் பலத்தோடும் மிதித்துவிடும் கணம் இருக்கிறதே, அந்த ஒரு கணத்துக்காகவே ஏற்பட்டது ஏ.பி.எஸ். என்னும் சாதனம். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும் வரையில்தான் அது ஸ்டியரிங்கின் சொல்லைக் கேட்கும். சுழற்சி நின்று இறுகிவிட்டால், எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். பழைய டிரைவர்கள் பிரேக்கை விட்டு விட்டு மிதித்துச் சமாளித்த வித்தையை, விநாடிக்குப் பலமுறை, அதுவும் எந்தச் சக்கரத்துக்கு வேண்டுமோ அந்தச் சக்கரத்துக்கு மட்டும் செய்து கொடுப்பதே இந்த யந்திரத்தின் தொழில்.

சக்கர இறுக்கத்தைத் தடுக்கும் யோசனை முதலில் பலித்தது ஆகாய விமானங்களில்தான். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் அதைச் செம்மைப்படுத்தி, 1978ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு வழங்கியது. நம் தேசத்தில் வெகுகாலம் அது விலை உயர்ந்த கார்களின் அலங்காரமாகவும், மற்ற கார்களில் கூடுதல் பணம் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும் வசதியாகவும் இருந்து, 2019 ஏப்ரல் முதல்தான் புதிய கார்கள் யாவற்றுக்கும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய காலத்தில் ஏ.பி.எஸ்.ஸோடு விற்பனையான கார்கள் பல இன்று பத்துப் பதினைந்து வயதைக் கடந்து, இரண்டாவது மூன்றாவது சொந்தக்காரர்களின் கையில், மயிலத்திலும் மரக்காணத்திலும் வானூரிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் டாஷ்போர்டில் எரியத் தொடங்கும் மஞ்சள் விளக்கைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

வானூருக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கும் என் நண்பர் ஓய்வு பெற்ற ஆசிரியர். பன்னிரண்டு வயதான அவருடைய காரில் சென்ற ஆண்டு இரண்டு குறைகள் ஒருங்கே தோன்றின. புறப்பட்டுச் சில நிமிஷங்களுக்கெல்லாம் அந்த விளக்கு எரியத் தொடங்கும். சில நாட்களில் எரியாமலும் இருக்கும். எரியாத நாட்களிலோ, வேகத்தடைக்கு முன் மெதுவாக நிறுத்தப்போகையில், பிரேக் பெடல் காலடியில் குறுகுறுவென்று துடித்து, வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு முழம் தள்ளிப்போய் நிற்கும். ஓரிடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, சி0035 என்ற எண் வந்ததைக் காட்டி, முன்பக்க இடது சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் விளக்கு மறுபடியும் எரிந்தது. அடுத்த இடத்தில், ஏ.பி.எஸ். யூனிட்டே போய்விட்டது, புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது, சென்னை புதுப்பேட்டையில் பழையது தேடலாம் என்றார்கள். அதன் பிறகே அவர் என்னையும் அழைத்துக்கொண்டு, திண்டிவனத்தில் தமக்குத் தெரிந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் சென்றார்.

அங்கே நான் கண்ட பரீட்சை முறையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். ஏனெனில், ஸ்கேனர் காட்டும் எண் குற்றவாளியின் பெயர் அன்று, குற்றம் நடந்த தெருவின் பெயர் மாத்திரமே என்ற உண்மை, அவர் வேலை செய்த ஒழுங்கிலேயே விளங்கிற்று. சி0035 என்பது முன் இடது சக்கரத்தின் வேகத்தைத் தெரிவிக்கும் மின்சுற்றில் ஏதோ கோளாறு என்று சொல்லுமே தவிர, அந்தச் சுற்றிலுள்ள சென்சாரா, வயரா, கப்ளரா, சென்சாருக்கு எதிரே சுழலும் வளையமா, எது பழுதென்று சொல்லாது.

"சார், முதல்ல எந்த லைட் எரியுதுன்னு பாக்கணும். மஞ்சள் மட்டும்னா சாதா பிரேக் இருக்கு, பதறாம ஓட்டிட்டு வரலாம். சிவப்பும் சேர்ந்து எரிஞ்சா வண்டிய எடுக்கவே கூடாது, ஓரங்கட்டி ஆயில் மட்டத்தப் பாருங்க" என்று ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டே, அவர் பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா, அது கறுத்துப்போயிருக்கிறதா என்று பார்த்தார். அந்த எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உண்டு. பல வருஷங்கள் மாற்றாமல் விட்டால், அந்த ஈரம் ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள்ளிருக்கும் நுண்ணிய வால்வுகளை அரித்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. பிறகு ஃபியூஸ்களையும், பேட்டரி வோல்ட்டேஜையும், எர்த் வயரின் முனையையும் சோதித்தார். டயர்கள் நான்கும் ஒரே அளவுதானா என்று கவனித்தார். ஒரு சக்கரத்தில் வேறு அளவு டயர் மாட்டியிருந்தால் அது மற்றவற்றிலிருந்து மாறுபட்ட வேகத்தில் சுழல, ஏ.பி.எஸ்.ஸின் கணினி அதையும் கோளாறென்று எண்ணிக்கொள்ளலாம். இவ்வளவும் பத்து நிமிஷ வேலை; ஒரு ரூபாய் செலவில்லை.

அதன்பின் முன் இடது சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தார். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் உள்ள சென்சார், காந்தத்தின்மீது கம்பி சுற்றிய எளிய பொருள். அதற்கு எதிரே, ஆக்ஸில் முனையில் பற்கள் வெட்டிய இரும்பு வளையம் ஒன்று சுழலும். மெக்கானிக்குகள் அதை ஏ.பி.எஸ். ரிங் என்பார்கள். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது கம்பிச் சுருளில் சிறு மின் அலை எழும். அலைகளை எண்ணிக் கணினி வேகத்தை அறியும். இத்தகைய சென்சாரின் தடை ஏறக்குறைய ஆயிரம் இரண்டாயிரம் ஓம் இருக்கும். சரியான அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், வலது பக்கத்தையும் அளந்து ஒப்பிடுவதே உத்தமமான வழி. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. வயரைப் பிடித்து வளைத்தும் இழுத்தும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பார்த்தார். உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருந்தால் அப்போது எண் தாவும். தாவவில்லை. (பிற்காலத்துக் கார்களின் சென்சார்கள் வேறு ஜாதி, அவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், ஓம் அளந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே, முதலில் எந்த ஜாதி என்று அறிந்துகொள்ளாமல் மீட்டரை எடுப்பது வீண்.)

மீட்டரை ஏ.ஸி. வோல்ட்டுக்கு மாற்றி, சக்கரத்தைக் கையால் ஒரே சீராகச் சுற்றும்படி தம் உதவியாளனிடம் சொன்னார். முள் உள்ள பழைய மீட்டர் அது. முள் எழுந்து நின்றது. ஆனால் சக்கரம் ஒருமுறை சுற்றும்தோறும் ஒரே இடத்தில் சற்றுத் துவண்டு மீண்டது. அவர் டார்ச் விளக்கை உள்ளே அடித்து, வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க பாருங்க" என்றார். ரோமம் போன்ற ஒரு விரிசல்.

ஆசிரியரின் மகள் கோட்டக்குப்பத்தில் இருப்பதால், அந்தக் கார் வாரந்தோறும் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம் வழியாகப் போய் வருவது. உப்புக் காற்றும் மழைநீரும் சேர்ந்து வளையத்துக்கு அடியில் துருவை வளர்த்தன. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. அடியிலிருந்து பருத்துப் பருத்து, கடைசியில் வளையத்தையே பிளந்துவிட்டது. பிளந்த இடத்தில் இரு பற்களுக்கிடையே உள்ள தூரம் சிறிது கூடிற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடைவெளி கடக்கும்போது, சக்கரம் திடீரென்று வேகம் குறைந்ததாகக் கணினிக்குத் தோன்றும். வண்டி விரைவாக ஓடும்போது பொருட்படுத்தப்படாத அந்தப் பொய்ச் செய்தி, பிரேக் மிதித்து மெதுவாக நிற்கப்போகையில் மெய்யாகிவிடுகிறது. சக்கரம் இறுகுகிறது என்று நம்பிக் கணினி பிரேக் அழுத்தத்தைத் தளர்த்த, பெடல் துடிக்க, வண்டி ஒரு முழம் தள்ளி நிற்கிறது. விளக்கு எரிந்த நாட்களில் ஏ.பி.எஸ். தன்னைத்தானே விலக்கிக்கொண்டு சாதாரண பிரேக்கை விட்டுவைத்ததால், அன்றெல்லாம் துடிப்பில்லை. பாவம், ஆசிரியர் எரியாத நாட்களைத்தான் நல்ல நாட்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்! புது சென்சார் மாட்டியதும், யூனிட்டைத் தேடிப் புதுப்பேட்டைக்குப் போக இருந்ததும், உடைந்த வளையத்தை ஒன்றும் செய்திருக்க முடியாது.

வளையத்தை மாற்றுவது பெரிய செலவன்று. ஆக்ஸிலைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புது வளையத்தை ஏற்றவேண்டிய உழைப்புதான் அதிகம். ஆனால் அபாயமான சிகிச்சை ஒன்றும் நடைமுறையில் இருப்பதை அன்று அறிந்தேன். பழைய காரை விற்கும்போது, எரியும் விளக்கை மறைக்க பல்பையே பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டாம். கார் வாங்குகிறவர் சாவியைத் திருப்பியவுடன், என்ஜினை ஓட்டுவதற்கு முன், மஞ்சள் விளக்கு தோன்றிச் சில விநாடிகளில் தானே அணைகிறதா என்று பார்க்கவேண்டும். அணையாவிட்டால் பழுது; தோன்றவே இல்லையென்றால் வஞ்சனை. மழைநாளில் குடும்பத்தோடு செல்லும் ஒருவருக்கு, தம் வண்டியில் ஒரு பாதுகாப்பு இருப்பதாக நம்பவைத்து அதை இல்லாமற்செய்வதைச் சிறு ஏமாற்றென்று என்னால் கருத முடியவில்லை.

மாலையில் வேலை முடிந்தது. ஆள் நடமாட்டமில்லாத ஒரு மண்சாலையில், சுமார் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மெக்கானிக் பிரேக்கை அழுத்தி மிதித்தார். சரளைமீது பெடல் கடகடவென்று உதைத்தது, வண்டி கோணாமல் நேராக நின்றது. அது வேலை செய்யும் ஏ.பி.எஸ்.ஸின் துடிப்பு. திரும்பும் வழியில் ஓமந்தூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மொரட்டாண்டி சுங்கச்சாவடியில், லாரிகளின் வரிசைக்குப் பின்னால் ஆசிரியர் காரை மெல்ல மெல்லக் கொண்டுவந்து நிறுத்தினார். காலடியில் பெடல் அசையவில்லை. அவர் ஒன்றும் பேசாமல், விளக்கில்லாத டாஷ்போர்டைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முன்னே லாரி நகர்ந்ததும் கியரை மாற்றினார்.