டப்பாவில் ஆக்ஃபா... உள்ளே யாரு?

"என் கல்யாணம் என்ன, ஒரு பவுண்டு கல்யாணமாடா?"

ரூம்மேட்டுக்கு வந்த கோபம் நியாயமானதுதான். 2014, லண்டன். அவனுடைய ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோகிராபர். (சம்பளம்: ஒரு வேளை சாப்பாடு!) என்னிடம் ஒரு பழைய கேமராவும், பவுண்ட்லேண்ட் கடையில் வாங்கிய ஆறு ரோல் 'ஆக்ஃபாபோட்டோ விஸ்டா ப்ளஸ் 200' ஃபிலிமும் இருந்தன. 24 படம், ஒரே பவுண்டு!

'மலிவு சரக்கு, படம் சொதப்பினால் மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா?' என்று எனக்கும் உள்ளூர உதறல். அதனால் துப்பறிய ஆரம்பித்தேன்.

ஜெர்மனி ஆக்ஃபாவா? சான்ஸே இல்லை. ஆக்ஃபாபோட்டோ கம்பெனி 2005-லேயே திவால். அதன்பின் பெயர் மட்டும் லைசென்சில் உயிர்வாழ்ந்தது. டப்பாவைத் திருப்பினேன். பொடி எழுத்தில் 'மேட் இன் ஜப்பான்'!

ஜப்பானில் கலர் ஃபிலிம் என்றால் இரண்டே பெரிய தலைகள்: ஃபியூஜி, கோனிகா. கோனிகா மினோல்ட்டா, ஃபிலிம் தொழிலுக்கே முழுக்குப் போடுவதாக 2006-ல் அறிவித்துவிட்டது. மிச்சம் யார்? நீங்களே சொல்லுங்க சார்!

ஊகம் மட்டும் போதுமா? கூடுதல் விலை கொடுத்து ஃபியூஜிகலர் சி200 ஒரு ரோல் வாங்கினேன். இரண்டு ரோலிலும் அதே பார்க், அதே சிவப்பு பஸ். ஒரே லேபில் கழுவினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நெகட்டிவின் ஆரஞ்சு நிறம்கூட அச்சு அசல் ஒன்றே. பிரிண்ட்டுகளைக் கலைத்துப் போட்டு, "எதுடா ஃபியூஜி?" என்றேன். மாப்பிள்ளை கம்பீரமாக எடுத்தது ஒரு பவுண்டு படம்!

கடைப் பெயர் போட்ட ஃபிலிம் எல்லாமே இப்படித்தான். இத்தாலியின் ஃபெரானியா தொழிற்சாலை எத்தனையோ கடைகளுக்கு அவரவர் பெயரிலேயே ஃபிலிம் செய்து கொடுத்திருக்கிறது. டப்பா பேசாவிட்டால் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள். பார்கோடு பக்கத்தில் ஆறு இலக்க எண் இருக்கும். நடு நான்கு இலக்கத்தை 16-ஆல் வகுத்தால் வரும் ஈவும் மீதியும்தான் ஃபிலிமின் ஜாதகம். கழுவிய நெகட்டிவ் ஓரத்து பார்கோடிலும் அதே குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் உஷார்: கடைக்காரர் ஆளை மாற்றினால், அதே டப்பாவுக்குள் வேறு ஃபிலிம் வந்துவிடும். முக்கியமான விசேஷம் என்றால், ஒரே பேட்ச்சில் வாங்கி ஒரு ரோலைச் சோதித்துவிடுவது உத்தமம்.

விஸ்டா 2018-ல் நின்றுபோனது. கல்யாண ஆல்பம் இன்னும் பளிச்! வருகிறவர்களிடம் "ஃபியூஜி ஃபிலிமாக்கும்!" என்று பெருமையடிக்கிறான் மாப்பிள்ளை.

விலையை மட்டும் மூச்சுவிடுவதில்லை!