எழுதும் முன் ஒட்டுங்கள்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் ஓர் உலகத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அதற்குள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். பலித்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இன்றும் இப்படித்தான் ஆடப்படுகிறது. ஒரே கதை வாரந்தோறும் தொடர்ந்து வருடக்கணக்கில் நீள்வதும் உண்டு. அதற்குக் கேம்பெயின் என்று பெயர்.

இத்தனை காலமும் அந்த உலகம் நிறம் மாறாமல் இருக்க வேண்டுமே! ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கு இங்கேதான் மூட் போர்டு கைகொடுக்கிறது. கதை எழுதத் தொடங்கும் முன்பே ஓவியம், புகைப்படம், துணியின் நிறம், சுவரின் காரை எனப் பொறுக்கி ஒரே பலகையில் ஒட்டிவைப்பார்கள். பலர் பின்டரஸ்ட் இணையதளத்தில் சேர்க்கிறார்கள். சாதாரண அட்டையே போதும்.

படத்திலிருந்து ஓர் உலகம் எழும் என்பதற்கு இதே ஆட்டத்துக்காக 1991இல் வந்த ‘டார்க் சன்’ என்ற கதைக்களம் நல்ல சான்று. அதன் தோற்றத்தை உருவாக்கியவர் ஓவியர் பிராம். எழுத்துக்கு முன்பே அவர் வரைந்துவிட்ட படங்களும் உண்டு. ஆதாஸ் என்ற அந்த வறண்ட உலகில் உலோகம் அரிது. ஆயுதங்களை எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும் செய்கிறார்கள். மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடிகள் சாம்பலாகலாம்.

இப்படி ஓர் உலகுக்குப் பலகை செய்பவர், பளபளக்கும் இரும்புக் கவசம் பூண்ட வீரனின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கிழித்தெடுக்க வேண்டும். பலகையின் பலமே இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. நாற்பது படங்கள் குவிந்தால் எதுவும் மனதில் நிற்காது. பத்துப் பன்னிரண்டு போதும். பூதங்களையும் வீரர்களையும்விட அன்றாடப் பொருள்களே அதிகம் பேசும் என்பேன். வாயில் பூட்டுத் தொங்கும் ஒரு தண்ணீர்ச் சாடியை ஒட்டிப் பாருங்கள். சாவி யாரிடம்? ஒரு குவளைக்கு என்ன விலை? பூட்டை உடைத்தால் என்ன தண்டனை? முதல் வாரத்துக்கான கதை கிடைத்துவிட்டது.

ஆடும்போது காட்டும் படங்கள் வேறு வகை. இதே ஆட்டத்துக்காக 1978இல் வெளியான ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ சாகசத்தில், கதை நடக்கும் கல்லறையின் உட்புறத்தை அந்தந்த இடத்தில் ஆட்டக்காரர்களுக்குக் காட்ட ஒரு படத் தொகுப்பே இருந்தது. மூட் போர்டை அதற்கும் முன்னால், பாத்திரங்களை உருவாக்க உட்காரும் நாளிலேயே விரித்துவிட வேண்டும். வில்லனின் கோட்டைப் படங்களை மட்டும் தனி அட்டையில் மறைத்து வையுங்கள்.